நான் கண்ணை மூடிப் பார்த்த படங்கள்

ஒரே ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்துவிடுவது என்று போன வாரம் சபதம் எடுத்தேன்.

சிரிக்காதீர்கள். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று நாலு பேர் சபதம் எடுக்கிறார்கள். எடையைக் குறைப்பேன் என்று நாலு பேர் எடுக்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தீர்களா? என் சபதம் அதையெல்லாம்விடக் கஷ்டம். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நூறு படத்துக்குக் குறையாமல் என் வீட்டுக்காரியோடு போயிருக்கிறேன். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. தியேட்டரில் விளக்கு அணைந்தால் என் கண்ணும் அணைந்துவிடும். ஏசி வேறு, மெத்தென்ற நாற்காலி வேறு. தொட்டில் குழந்தையைக்கூட ரெண்டு ஆட்டு ஆட்டினால்தான் தூங்கும். எனக்கு அந்தச் சிரமமும் வேண்டாம்.

இதில் கூத்து என்னவென்றால், எங்கள் வட்டாரத்தில் எந்தப் படத்துக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்று ஜனங்கள் கேட்பது என்னிடம்தான்.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். அடுத்தவன் கண்ணைத் திறந்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறவன். கடையின் பின்பக்கம் ஒரு சின்ன இருட்டறை. எதிர்ச் சுவரில் வெளிச்சப் பெட்டியில் எழுத்துகள், மேல் வரி பூசணிக்காய் அளவு, கடைசி வரி கடுகு அளவு. வந்தவர் மூக்கின்மேல் கனமான ஒரு வட்டச் சட்டத்தை மாட்டி, அதில் லென்ஸ் லென்ஸாகப் போட்டுப் போட்டு எடுப்பேன். "இது தெளிவா, அது தெளிவா?" ஆளுக்கு இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? சினிமா பேசுவேன்.

"கடைசி வரி படிங்க சார்... அந்தப் போலீஸ் படம் பாத்தீங்களா?"

"இல்லப்பா. போலாமா?"

"தாராளமா போலாம். ஒரே ஒரு சந்தேகம்தான். வில்லன்கிட்ட நூறு அடியாள் இருக்கான். ஹீரோ ஒத்த ஆளு. நூறு பேரும் ஒருத்தன் பின்னால ஒருத்தனா வந்து அடி வாங்கிட்டுப் போறான். வாசல்ல டோக்கன் குடுத்தாங்களா சார்?"

சட்டம் மூக்கிலிருந்து நழுவுகிற அளவுக்குச் சிரிப்பார்.

பேய்ப் படமா? "அந்த வீட்ல நேரத்துக்கு வந்து வேலைய ஒழுங்காப் பாக்கறது பேய் ஒண்ணுதான். மத்தவங்கல்லாம் சும்மா கத்தறாங்க. பாவம், கடைசில பேய்தான் பயந்து ஓடிப்போச்சு." காதல் படமா? "அந்தப் பொண்ணு இடைவேளை வரைக்கும் மழைல நனையறா. அதுக்கப்புறம் அழுது நனையறா. துவட்டிக்க ஒரு துண்டு குடுத்திருந்தா முதல் பாதிலயே படம் முடிஞ்சிருக்கும்."

இதெல்லாம் நான் சொந்தமாகச் சொன்னது என்று நினைத்தீர்களானால் உங்களுக்கும் கண் பரிசோதனை தேவை. அத்தனையும் என் வீட்டுக்காரியின் சரக்கு.

தியேட்டரிலிருந்து வீட்டுக்கு ஸ்கூட்டரில் இருபத்தைந்து நிமிஷம். நான் செய்ய வேண்டியதெல்லாம் வண்டியைக் கிளப்பும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்வதுதான். "படம் பரவாயில்ல." அவ்வளவுதான், அணை உடைந்துவிடும். "பரவாயில்லையா? எது பரவாயில்ல?" என்று ஆரம்பித்து, என் ஹெல்மெட் ஓரத்தில் வாயை வைத்துக் கதையைச் சொல்லி, சொன்ன கதையைக் கிழித்து, கிழித்ததை நாலாய் மடித்துக் கொடுப்பாள். நான் 'ம்' போட்டபடி வண்டி ஓட்டுவேன். திங்கட்கிழமை காலை இருட்டறையில் அதையே பிரித்து விரிப்பேன்.

நான் தூங்குவது அவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அங்கேதான் தொழில்மூளை. பளபளவென்று பூச்சுப் பூசிய கண்ணாடி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். இருட்டில் திரை வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் லென்ஸில் படம் ஓடுவதுதான் தெரியும். உள்ளே கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று என்னைப் பெற்றவளாலேயே சொல்ல முடியாது.

இதோடு நின்றிருந்தால் நான் ஏன் உங்களிடம் வந்து புலம்பப் போகிறேன்? புகழ்ச்சி ஏற ஏற நாக்கு நீளும். ஒரு நாள் ஒரு அம்மாள் பரிசோதனைக்கு வந்திருந்தார். நம் டோக்கன் ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "வீட்ல உங்க சம்சாரமும் இப்படித்தான் சினிமா பேசுவாங்களா?" என்று கேட்டார்.

"அவளா? அவளுக்கு என்னம்மா தெரியும்! கூட்டிட்டுப் போனா வாயில சோளப்பொரி, கண்ல தண்ணி. வீட்டுக்கு வந்து நான்தான் கதைய விளக்கிச் சொல்லணும்."

அந்த அம்மாள் அதற்குச் சிரிக்கவில்லை. பவர் சரியாகச் சேரவில்லை போலிருக்கிறது என்று நான் லென்ஸை மாற்றினேன்.

போன வாரம் முதலாளி கூப்பிட்டார். எங்கள் முதலாளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடையில் பவர் முழுக்க அவரிடம்தான், அவர் கண்ணாடியில் மட்டும் கிடையாது. கடைக்கு விளம்பரமாக வெறும் கண்ணாடி போட்டிருப்பார். சந்தோஷம் வந்தால் அதைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்குத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ஏம்ப்பா, ஜனங்க கண்ணுக்காகவா இங்க வர்றாங்க? உன் வாய்க்காக வர்றாங்க. ஞாயித்துக்கிழமை காலைல புதுக் கிளை திறக்கறோம். வெள்ளிக்கிழமை ஒரு பெரிய படம் வருதில்ல? அதப்பத்தி நீ அங்க பத்து நிமிஷம் பேசற. கூட்டம் வயிறு குலுங்கச் சிரிச்சுதுன்னா, கிளைக்குப் பொறுப்பாளர் நீதான். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

பொறுப்பாளர்! கண்ணாடித் தடுப்புப் போட்ட தனி அறை. சுற்றிச் சுற்றி வரும் நாற்காலி. எனக்குக் கீழே மூன்று பேர். பன்னிரண்டு வருஷமாக வௌவால் மாதிரி இருட்டறையில் கிடந்தவனுக்கு ஜன்னல் பக்கத்தில் உட்காரும் யோகம். அந்த நாற்காலிக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

"மறக்காம வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வா. முன் வரிசைல உக்கார வைப்போம்" என்றார்.

அவள் சொன்னதை அவளை முன் வரிசையில் வைத்துக்கொண்டே நான் எப்படிச் சொல்வது? திருடின புடவையை உடையவளிடமே கொண்டுபோய் விற்கிற கதையாக அல்லவா ஆகிவிடும்! வேறு வழியில்லை. சொந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். சொந்த புத்தியால் ஒரு கருத்து உற்பத்தி செய்ய வேண்டும். அப்போது எடுத்ததுதான் அந்தச் சபதம்.

சனிக்கிழமை பகல் காட்சி. முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கே படுத்துப் பத்து மணி நேரத் தூக்கத்தை முன்கூட்டியே முடித்தேன். கிளம்பும் முன் மூன்று காபி. வலது ஷூவுக்குள் ஒரு கூழாங்கல். சட்டைப்பையில் ஆறு பச்சை மிளகாய். பளபளக் கண்ணாடியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு, சாதாரணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

"என்னங்க, படத்துக்குப் போறோமா, பரீட்சைக்குப் போறோமா?" என்றாள்.

"படத்த மதிச்சுப் பாக்கணும்."

"ஓஹோ" என்றாள். அந்த 'ஓஹோ'வை நான் கவனித்திருக்க வேண்டும்.

படம் ஆரம்பித்தது. முன்னூறு பேர் பெயர் ஓடியது. ஒன்று விடாமல் படித்தேன். ஒருத்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பெரிய கட்டடம் ஒன்றுக்குள் ஓடினான். இவன்தான் ஹீரோ என்று கண்டுபிடித்தேன். என்ன கூர்மை! இந்தக் கூர்மையை வைத்துக்கொண்டா பதினோரு வருஷம் வீணடித்தோம் என்று நினைத்தபடி கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தேன்.

ஜனங்கள் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

மிளகாய் ஆறும் பையில் பத்திரமாக இருந்தன.

சபதம் போனால் போகட்டும், பழைய வழி இருக்கவே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். கதை அவளிடமிருந்து வரட்டும், அது படக்காரனுடையது, அவளுடையதல்ல. கருத்தை மட்டும் நாம் சொந்தமாகப் போட்டுக்கொள்வோம்.

"படம் பரவாயில்ல" என்றேன்.

"ஆமா, பரவாயில்ல" என்றாள்.

அணை உடையவில்லை. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ரெண்டு சிக்னல் தாண்டினோம். மூன்றாவது சிக்னலிலும் மௌனம். பதினோரு வருஷத்தில் அவள் இருபத்தைந்து நிமிஷம் பேசாமல் வந்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். நான் எதிரில் போய் நின்றேன்.

"என்ன, படத்தப் பத்தி ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற?"

"எப்பவும் நானேதான் பேசறேன். இன்னிக்கு நீங்க சொல்லுங்க, கேக்கறேன்."

"எனக்கு... ஹீரோ நடிப்பு ரொம்பப் பிடிச்சுது."

"எந்த இடத்துல?"

"எல்லா இடத்துலயும்."

"எல்லா இடத்துலயுமா? செத்ததுக்கு அப்புறமுமா?"

"செத்ததுக்கு அப்புறம்தான் ரொம்ப இயல்பா நடிச்சிருந்தான்."

அவள் கத்தியைக் கீழே வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று நினைத்தேன்.

"சரி, அந்தக் குதிரை?"

"குதிரை..."

"குதிரை செஞ்சது சரியா, தப்பா? அத மட்டும் சொல்லுங்க."

நான் தயங்கினேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு. "தப்புன்னு சொல்லிட முடியாது."

"என்னங்க இது! கொலைய நேர்ல பாத்த ஒரே சாட்சி அதுதான். கோர்ட்ல வக்கீல் கேக்கும்போது குற்றவாளியப் பாத்துத் தலையாட்ட வேண்டாமா? தும்மிட்டுப் போயிருச்சே!"

"அதுக்கு என்ன கஷ்டமோ."

"என்ன கஷ்டம்? குற்றவாளி அதோட பழைய முதலாளியாம். அதுக்காக? செத்தவன் அதுக்கு முதல் பாதி முழுக்கக் கொள்ளு வச்சிருக்கான்!"

அணை உடைந்துவிட்டது! நான் பாத்ரூமுக்கு ஓடினேன். கண் பரிசோதனை அட்டையின் பின்பக்கம் 'குதிரை, தும்மல், கொள்ளு' என்று எழுதிக்கொண்டு வந்தேன். வந்ததும் இரட்டைச் சகோதரன் ஒருத்தன் கிளம்பினான். மறுபடி ஓடினேன். பிறகு அம்மா என்று நினைத்தவள் அக்காவாகி, நீதிபதி அழுது, குதிரை மலை உச்சியில் தனியாக நின்றது. இப்படி அஞ்சு தடவை.

"வயிறு சரியில்லையா?"

"ஆமா."

"அப்ப ராத்திரிக்கு உங்களுக்குச் சாப்பாடு வேண்டாம்" என்று எனக்கு வைத்திருந்த தட்டை எடுத்துவிட்டாள். பொறுப்பாளர் நாற்காலியை நினைத்துக்கொண்டு ரெண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

பசியோடு உட்கார்ந்து கருத்து உற்பத்தி செய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தைப் பற்றி எனக்கென்று ஒரு சொந்தக் கருத்து உண்டானது. அந்தப் படத்தில் குதிரைதான் கதாநாயகன். அவள் தும்மலைத் தப்பு என்கிறாள். நான் அது விசுவாசத்துக்கும் நியாயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு ஜீவனின் தும்மல் என்கிறேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. புதுக் கிளையில் பெயிண்ட் வாசனை. நாற்பது நாற்காலியும் நிறைந்து, பின்னால் ஆட்கள் நின்றார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் பாலிதீன் உறைகூடப் பிரிக்காத சுழல் நாற்காலி. முன் வரிசையில் என் வீட்டுக்காரி. பக்கத்தில் எதிர்வீட்டு டீச்சர். இவர் எதற்கு வந்தார் என்று ஒரு நொடி தோன்றியது. மைக் கைக்கு வந்ததும் அது மறந்துவிட்டது.

"பெரியோர்களே! இந்தப் படத்துல நடிச்ச மனுஷங்க எல்லாரும் நேரா வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கலாம். நடிப்புன்னா என்னன்னு அந்தக் குதிரைகிட்ட கத்துக்கணும்!"

ஒரு சிரிப்பு இல்லை. அதிர்ச்சியில் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

"அந்தத் தும்மல் இருக்கே, சாதாரணத் தும்மலா அது? ஒரு பக்கம் பழைய முதலாளி. ஒரு பக்கம் கொள்ளு வச்ச கை..." என்று குரலை உடைத்து, நீதிபதியை அழவைத்து, குதிரையை மலை உச்சிக்கு ஏற்றி நிறுத்தினேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, கையில் வைத்தபடி என்னையே பார்த்தார்.

பின்னால் நின்ற ஒருத்தர் கையைத் தூக்கினார்.

"அண்ணே, நானும் அந்தப் படத்துக்குப் போயிருந்தேன். ஆபீஸ் லிஃப்ட் நடுவுல நின்னுபோயி, அதுக்குள்ள நாலு பேர் மாட்டிக்கறாங்க. படம் முழுக்க லிஃப்ட்டுக்குள்ளதான் நடக்குது. அதுல குதிரை எப்படிண்ணே வந்துச்சு?"

நாற்பது நாற்காலியும் என்னையே பார்த்தன. என் மூளை நின்றுவிட்டது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் ஓடியது.

"அது... சின்னக் குதிரை."

அன்றைக்கு எழுந்த சிரிப்பு மாதிரி எந்த நகைச்சுவைப் படத்துக்கும் எழுந்திருக்காது. ஒருத்தர் நாற்காலியோடு சாய்ந்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் வீட்டுக்காரி எழுந்து வந்து, என் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கினாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். அவர் பொய் சொல்லல. அவர் பாத்தது வேற படம், கண்ண மூடிக்கிட்டு உள்ளுக்குள்ள பாக்கற படம். நீங்க பாத்த படத்தப் பத்தி நான் சொல்லட்டுமா?"

"சொல்லுங்கம்மா!"

"நாலு பேர் நிக்க இடமில்லாத லிஃப்ட்டு. அதுக்குள்ளயும் ஹீரோவுக்குக் காதல் வந்துருது. போகட்டும், வயசு அப்படி. காதல் வந்ததும் பாட்டு. பாட்டு வந்ததும் பின்னால நாப்பது பேர் ஆடறாங்க. அந்த நாப்பது பேரும் எந்த வழியா உள்ள வந்தாங்களோ, அந்த வழியா இந்த நாலு பேரும் வெளிய போயிருக்கலாம்ல? எதுக்கு ரெண்டரை மணி நேரம்?"

கூட்டம் கைதட்டியது. அவள் நிறுத்தவில்லை. "ஆறாவது மாடில ஒரு மனுஷனுக்குக்கூடக் கீழ போற வேலை இல்லையா? லிஃப்ட் வரலையேன்னு ஒருத்தன்கூடக் கேக்கலையே! இப்படி ஒரு அமைதியான ஆபீஸ எங்க பாத்தீங்க?" பத்து நிமிஷம் என்பது அரை மணி ஆனது. முதலாளி துடைத்த துடைப்பில் கண்ணாடி தேய்ந்திருக்கும். பேசி முடித்தவள் சும்மாவும் இருக்கவில்லை. பிரேம் பார்க்க வந்த ஒரு பெண்ணிடம், "இது வேண்டாம், படத்துல மருமகளக் கொடுமைப்படுத்தற மாமியார் மாதிரி தெரியறீங்க. இதப் போடுங்க, கடைசில நியாயம் சொல்ற கலெக்டர் மாதிரி இருக்கு" என்றாள். கலெக்டர் பிரேம் மட்டும் அன்றைக்கு ஏழு போயிற்று.

முதலாளி என்னிடம் வந்தார். நான் சுழல் நாற்காலியைப் பார்த்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அவளிடம், "அம்மா, நாளைக்கு எத்தனை மணிக்கு வர முடியும்?" என்று கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"ஏம்மா, கட்டின புருஷன நாலு பேர் முன்னால இப்படியா செய்யறது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கடைல சொன்னீங்களாமே. டீச்சர் வந்து சொன்னாங்க."

"எந்த டீச்சர்?"

"எதிர்வீட்டு டீச்சர்தான். உங்ககிட்ட கண் காட்ட வந்தாங்களே."

அடக் கடவுளே! அந்த அம்மாளா? டீச்சரைக் கண்ணாடி இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. கண்ணாடியைக் கழற்றி, இருட்டில் உட்கார வைத்து, மூக்கில் அவ்வளவு பெரிய சட்டத்தையும் மாட்டினால் அடையாளம் எப்படித் தெரியும்? கண்ணைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம், முகத்தைப் பார்க்க அல்லவே!

"நான் பேசினத நீங்க பேசினதுல எனக்கு வருத்தமில்லைங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "கேட்டப்ப சந்தோஷமாக்கூட இருந்துச்சு. நம்ம பேச்சுக்கு நாலு பேர் சிரிக்கறாங்களேன்னு. ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் வலிச்சுது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்த ஒரு இடத்தில் ஜோக் கிடையாது. "தப்புதான்" என்றேன். ஹெல்மெட்டுக்குள் சொன்னதால் ரெண்டாவது தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் மனசு கேட்கவில்லை. "சரி, நான் தூங்கறது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"முதல் படத்துலயே."

"அந்தப் பளபளக் கண்ணாடி..."

"கண்ணாடி முழிச்சுக்கிட்டுத்தாங்க இருந்துச்சு. தலை என் தோள்லல்ல கிடந்துச்சு!"

திங்கட்கிழமை காலை புதுக் கிளைக்கு ரெண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போனோம். பொறுப்பாளர், அதாவது என் வீட்டுக்காரி, கண்ணாடித் தடுப்புக்குள் போய், பாலிதீனைப் பிரித்து, நாற்காலியில் உட்கார்ந்து ரெண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இருட்டறையில் சினிமா பேசக் கூடாது என்பது அவர் போட்ட முதல் உத்தரவு. "அந்த டிபார்ட்மெண்ட்ட நான் பாத்துக்கறேன்" என்றார். நான் உள்ளே போய் லென்ஸ் பெட்டியைத் திறந்து வைத்தேன். இந்த இருட்டறை பழையதைவிட நல்ல இருட்டு. ஏசியும் புதுசு.

முதல் வாடிக்கையாளர் வந்த சத்தம் கேட்டது. அவள் அவரை உட்காரவைத்துப் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்டது.

"உள்ள போங்க சார், எங்க வீட்டுக்காரர்தான் பாப்பாரு, கெட்டிக்காரர். ஒண்ணே ஒண்ணு, விளக்க அணைச்சதும் நீங்க எழுத்தையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. நடுநடுவுல அவர் முழிச்சிருக்காரான்னும் ஒரு பார்வை பாத்துக்குங்க."